வேலூரில் வீட்டிலிருந்தே ஏர் ரைபிள் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக்காரர்கள் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து சுட்டு முடிந்த ரைபிள் தோட்டாவின் குப்பியில் மருந்தும் குண்டும் மறுபடி அடைத்து ரீலோட் செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘இதை நாமும் வீட்டிலேயே செய்யலாமா?’ என்று கேட்கிற இளைஞர்கள் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நிறைய இருக்கிறார்கள். கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையிலும் போகலாம். தாத்தா காலத்து டபுள் பேரல் துப்பாக்கிக்கு வீட்டில் லைசென்ஸ் இருக்கிறதே என்றால், அது வைத்துக்கொள்ளத்தான் லைசென்ஸ், தோட்டா செய்ய இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியும் கருமருந்துமாகப் பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி நம் பேப்பர்களுக்குப் புதிதல்ல. அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

என்.சி.சி.யில் பலரும் சுட்டுப் பார்த்த பாயிண்ட் டூ டூ தோட்டாவை ரீலோட் செய்ய முயல்வதில் அர்த்தமும் இல்லை. அதில் தீப்பற்றும் மருந்து தனி மூடியாக இல்லாமல் அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு அந்தக் குப்பியின் கதை முடிந்தது.

ரீலோடிங்கில் ஆட்களை இழுப்பது எது? ஒவ்வொரு குண்டையும் பார்த்து, எடை போட்டு, எது தன் துப்பாக்கிக்குச் சேரும் என்று கண்டுபிடிக்கிற அந்த நுணுக்கம்தான். அது அத்தனையும் 10 மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளில் உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி, துவாரம் 4.5 மி.மீ. (பாயிண்ட் 177) தாண்டாமலும் முகவாய் ஆற்றல் (குண்டு குழாய் வாயை விட்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல்) 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள்களின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இந்த 10 மீட்டரில்தான்.

ரைபிளை எடுக்கும் முன்

உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. அந்தச் சின்ன ஈயக் குண்டு கண்ணைக் குருடாக்கப் போதும். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக நாலு விஷயம் முடிவாகிவிட வேண்டும். ரைபிள் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கும். சுடும் நேரத்தில் அந்தப் பக்கக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். சுடாத நேரத்தில் குழாய் வழியாக ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு ஓடியிருக்கும். பயிற்சி முடிந்ததும் ரைபிள் ஒரு பூட்டில், பெல்லட் எனும் ஈயக் குண்டு இன்னொரு பூட்டில். சுடுகிறவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது நல்லது, பக்கத்தில் நிற்பவருக்கு அது கட்டாயம்.

மொட்டை மாடியில் சுடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நான் வேண்டாம் என்பேன். காற்று ஒரு காரணம். கொளுத்தும் வெயில் இன்னொன்று. இவற்றைவிடப் பெரியது, நாலு வீடு தள்ளித் துணி காயப்போடுகிற அம்மாவுக்கு அது ஏர் ரைபிளா வேறெதுவுமா என்று தெரியாது. ஸ்டேஷனுக்குப் போன் போகும், போவதும் நியாயம். அதோடு புறாவும் மைனாவும் அணிலும் மாடியில் வந்து உட்காரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் ரைபிளுக்கும் பொருந்தும். உயிருள்ள எதன் மீதும் குறிபார்க்கும் பழக்கம் உள்ளவர் இந்த வழிகாட்டியை இதோடு மூடிவிடலாம்.

எந்த ரைபிள்

முதலில் ஸ்பிரிங் வகை. குழாயை மடக்கி அல்லது நெம்புகோலை இழுத்து ஏற்றுவது. விலை குறைவு, சில ஆயிரங்களில் கிடைத்துவிடும். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிளே ஒரு குலுங்கு குலுங்கும். குண்டு வெளியேறும் முன்பே இந்தக் குலுக்கல் நடப்பதால், பிடி கொஞ்சம் மாறினாலும் அடி இடம் மாறும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் போய் முட்டி சீல் கெட்டுவிடும். கீழே சொல்லப்போகும் வெறும் சுடல் பயிற்சிக்கு அது ஆகாது.

இரண்டாவது, காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அடைத்து வைக்கும் பி.சி.பி. வகை. குலுக்கல் கிட்டத்தட்ட இல்லை. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் என்று போட்டியில் பார்ப்பதெல்லாம் இதுதான். வெளிநாட்டுப் புது ரைபிள் லட்சங்களில் போகும். பிரிசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் அதைவிடக் குறைவு. நடுத்தரக் குடும்பத்துக்கு என் ஆலோசனை, கிளப்பில் யாராவது தரம் உயர்த்திக்கொண்டு விற்கிற பழைய போட்டி ரைபிளைத் தேடுவது. வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். சிலிண்டர் மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். கடையில் வாங்கினாலும் தனியாரிடம் வாங்கினாலும் அடையாளச் சான்று கொடுத்து, பில்லோ எழுத்தோ வாங்கி, அதன் நகலை ரைபிள் பையிலேயே வைத்துவிடுங்கள்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். வேலூரின் அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. காற்று வழிகளில் சாதாரண எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். அழுத்தக் காற்றும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். உற்பத்தியாளர் சொல்லும் சிலிகான் கிரீஸ் மட்டும் போதும்.

வீட்டுக்குள் 10 மீட்டர்

10 மீட்டர் என்பது ஏறக்குறைய 33 அடி. தோட்டப்பாளையம் மாதிரிப் பழைய பகுதிகளில் முன்னால் குறுகி, உள்ளே நீளமாக ஓடும் வீடுகள் உண்டு; வாசல் நடையிலிருந்து பின்கட்டு வரை நேராகக் கதவுகள் இருந்தால் அதிர்ஷ்டம். சுடும் கோட்டிலிருந்து இலக்கின் முகம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். நீளம் இல்லாத வீட்டில் 5 மீட்டர் போதும், இலக்கைப் பாதி அளவில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுக்கு அதே காட்சி கிடைக்கும்.

குண்டு பிடிக்கும் பெட்டியை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஒரு அடி சதுர வாய் வைத்த இரும்புப் பெட்டி, உள்ளே பின்பக்கம் 3 மி.மீ. இரும்புத் தகடு 45 டிகிரி சாய்வில், மேல் விளிம்பு நம் பக்கம் சாய்ந்தபடி. குண்டு அதில் பட்டுக் கீழே தட்டில் விழும். தகடு நேராக நிமிர்ந்திருந்தால் ஈயம் நம்மை நோக்கித் திரும்பும், அதனால் சாய்வைப் பட்டறைக்காரரிடம் வரைந்தே காட்டுங்கள். பெட்டி வாயில் ஒரு திரை தொங்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுத் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. தடித்த துண்டு ஒன்று அந்த வேலையைச் செய்யும். பெட்டிக்குப் பின்னால், அதைவிட நாலு மடங்கு பெரிய பிளைவுட் பலகை. புதிதாகப் பழகுகிறவர் பெட்டியையே தவறவிடுவார், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஈயம் நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது. பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் கூட்டினால் தூள் பறக்கும், ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் அந்த அறையை நிரந்தர ரேஞ்சாக வைக்காதீர்கள்.

வெளிச்சம் இலக்கின் மேல் விழ வேண்டும், நம் கண்ணில் விழக் கூடாது. போட்டி விதி இலக்குக்குக் குறைந்தது 1500 லக்ஸ் கேட்கிறது. வீட்டில் ஒரு எல்.இ.டி. ஸ்பாட் விளக்கைப் பக்கவாட்டில் பொருத்தினால் போதும்.

நிற்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அப்படி ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தாரிடம் கேட்டால் ரைபிளைப் பற்றிப் பேசவே மாட்டார், காலைப் பார்ப்பார். அவர் செய்வது சரி.

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள். இடது தோள் இலக்கைப் பார்க்க, உடம்பு இலக்குக்குக் குறுக்காக நிற்க வேண்டும். பாதங்களுக்கு இடையே தோள் அகலம். முழங்கால் நேர், ஆனால் விறைப்பு இல்லை. இடுப்பைக் கொஞ்சம் இலக்குப் பக்கம் தள்ளி, மேலுடம்பைப் பின்னால் லேசாகச் சாய்த்தால், இடது முழங்கை தானாக இடுப்பெலும்பின் மேட்டில் வந்து அமரும். அந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். முழங்கை எலும்பின் மேல் இருந்தால் 4, 5 கிலோ ரைபிளை எலும்பு தாங்கும். விலாவில் சரிந்தால் தசை தாங்கும், ஐந்தாவது நிமிடத்தில் நடுங்கும். கன்னம் ரைபிளின் கட்டையில் தலையின் எடையோடு படிய வேண்டும். கழுத்தை நீட்டிக் கட்டையைத் தேடக் கூடாது, கட்டையைத்தான் உயர்த்தி முகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது இயல்பு நோக்கு. இலக்கைப் பார்த்து ரைபிளை அமர்த்துங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். திறந்தால் சைட் (குறிபார்க்கும் அமைப்பு) எங்கே நிற்கிறது? இடப்பக்கம் நின்றால் கையால் வலப்பக்கம் தள்ளாதீர்கள், வலது பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். திரும்பக் கண்ணை மூடுங்கள். கருப்பு வட்டத்திலேயே திறக்கும்வரை இதைச் செய்ய வேண்டும். கையால் தள்ளிச் சரிசெய்த குறி, ட்ரிகர் விழும் கணத்தில் பழைய இடத்துக்கே போய்விடும். பத்துக்குப் பதில் ஒன்பதும் எட்டுமாக மதிப்பெண் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

குண்டில்லாத பயிற்சி

நல்ல சுடுநர் ஆவது பெரும்பாலும் குண்டே இல்லாமல்தான். பி.சி.பி. போட்டி ரைபிள்களில் காற்று செலவாகாமல் ட்ரிகர் மட்டும் விழும் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, ரைபிள் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு, வெள்ளைச் சுவரைக் குறிபாருங்கள். இலக்கு வேண்டாம். குறிவட்டம் இல்லாவிட்டால் கண் முன் சைட்டிலேயே நிற்கும். ட்ரிகர் விழும்போது முன் வளையம் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, இயல்பாக நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள். ட்ரிகரின் முதல் கட்டத்தை முன்பே எடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் விரல் நுனியின் சதை நேர்பின்னாக அழுத்த வேண்டும். 5 முதல் 8 நொடிக்குள் விழவில்லையா, இறக்கிவிடுங்கள். இந்த இறக்கிவிடும் தைரியம்தான் புதியவர்களிடம் இல்லாதது. பத்தாவது நொடியில் கண் பழைய காட்சியையே காட்டிக்கொண்டிருக்கும், உடம்பு வேறெங்கோ போயிருக்கும். விழுந்த பிறகும் இரண்டு நொடி அதே நிலையில் நின்று, சைட் எங்கே போய் அடங்குகிறது என்று பாருங்கள்.

வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இது, 20 நிமிடம். மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட்டை வேலூர் வெயிலில் போட்டு நிற்பது பெரிய வாதை. முதல் சில மாதங்களுக்கு ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், எலும்பில் நிற்கத் தெரிந்த பிறகு வாங்கலாம். நம் ஊர்த் தோல் தையல்காரர் அருமையாகத் தைத்துக் கொடுப்பார், ஆனால் துணி ஒற்றைக்கு 2.5 மி.மீ., இரட்டைக்கு 5 மி.மீ. என்ற தடிமன் வரம்பும், விறைப்புச் சோதனையும் இருக்கின்றன. அதை அறியாமல் தைத்தால் போட்டி நுழைவாயிலிலேயே கழற்றச் சொல்வார்கள்.

வியர்வை உப்பு குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். பையில் வைக்கும் முன் ஒரு துடை.

பெல்லட்: ரீலோடிங் ஆசைக்குத் தீனி

தலை தட்டையாக, இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும் 4.5 மி.மீ. ஈயக் குண்டுதான் போட்டிக்கு. தட்டைத் தலை காகிதத்தில் வட்டமாகத் துளை போடும், மதிப்பெண் சச்சரவு வராது. கூர்முனைப் பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும். ரைபிளுக்கு 0.53 கிராம் வாக்கில் எடை. அதைவிட லேசானது பிஸ்டலுக்கு என்று விற்கப்படும். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலை விட்டம் எழுதியிருக்கும். பெரியது சிறந்தது என்று எதுவும் இல்லை, உங்கள் குழாய் எதை விரும்புகிறதோ அது.

கண்டுபிடிப்பது இப்படி. ரைபிளின் முன்கட்டையை மணல் மூட்டையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு அளவிலும் ஐந்து ஐந்தாக ஒரே இடத்தில் சுடுங்கள். குழாய் புதிய பெல்லட்டுக்குப் பழகவேண்டும் என்பதால் டப்பா மாற்றும்போது முதல் சிலவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். துளைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்பு வரை அளந்து 4.5-ஐக் கழியுங்கள். குறைந்த எண் வந்த டப்பாவே உங்களுடையது. டப்பாவின் அடியில் இருக்கும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் சில டப்பா வாங்கி வையுங்கள்.

இனி ஒவ்வொரு பெல்லட்டாக. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, விளக்கைச் சாய்வாக வைத்து, பாவாடை விளிம்பைப் பாருங்கள். நசுங்கியதும் பிசிறு தொங்குவதும் பயிற்சி டப்பாவுக்குப் போகட்டும். பிறகு ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து, பெல்லட்டைப் படுக்க வைத்து உருட்டுங்கள். தலையும் பாவாடையும் வேறு வேறு விட்டம் என்பதால் அது நேராக உருளாது, ஒரு வளைவில் போகும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் போய் ஒரே பக்கம் விழும். ஒன்று தத்தித் தத்தி வேறு பக்கம் போனால் அதன் வடிவத்தில் கோணல் இருக்கிறது. மாலை நேரத்துக்கு ஏற்ற வேலை, அலுக்காது.

எடை பார்க்க 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். எனக்குக் கேட்டால், போட்டியில் 600 மதிப்பெண்ணுக்கு 550 தாண்டாதவர் தராசில் பணம் போடுவது வீண். அந்த நிலையில் பெல்லட்டின் பிழையைவிட முழங்காலின் பிழை பத்து மடங்கு. உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தை வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் பழகுவதற்குக் கொடுங்கள்.

சைட் சரிசெய்து சுட

பின்னால் சிறு துளை, முன்னால் வளையம்: இது பீப் சைட். கருப்பு வட்டத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் வெள்ளை தெரிய வேண்டும். முன் வளையம் சின்னதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வெள்ளை இறுக்கமாகும்போது பதற்றம் கூடும். கொஞ்சம் பெரிய வளையமே நல்லது. மூடும் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், வெள்ளைத் தடுப்பு ஒன்றைத் தொங்கவிட்டு இரு கண்ணும் திறந்திருங்கள்.

ஐந்து குண்டு சுட்ட பிறகே சைட்டைத் தொட வேண்டும். ஒரே ஒரு குண்டைப் பார்த்துத் திருகினால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். இலக்கில் பத்தின் புள்ளி வெறும் 0.5 மி.மீ.; ஒவ்வொரு வளையமும் அடுத்ததிலிருந்து 2.5 மி.மீ. தள்ளி. கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண் என்பதால், குண்டின் நடு 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. சைட்டின் ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்பதை, பத்து கிளிக் திருப்பிச் சுட்டு நீங்களே அளந்து கட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டால் மூச்சைப் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டால் பாதத்தைப் பாருங்கள். நாலு ஒன்றாக விழுந்து ஐந்தாவது மட்டும் ஓடினால் பெரும்பாலும் விரல்தான். குண்டை நொந்துகொள்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

கிளப்புக்குப் போகும்போது

வீட்டில் பழகுவதற்கு ஒரு எல்லை உண்டு. தன் நிலையைத் தானே பார்க்க முடியாது. போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுப்பது ஓரளவு உதவும், பயிற்சியாளரின் கண்ணுக்கு ஈடாகாது. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்னை இரண்டரை மணி நேரத்துக்குள், அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போய் நிலையைக் காட்டிவிட்டு வந்து, மிச்ச நாள் வீட்டில் அதையே பழகுவது வேலூர்க்காரருக்குத் தோதான ஏற்பாடு. மாநிலப் போட்டிக்கு அங்கீகரிக்கப்பட்ட கிளப் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும் என்பதால் உறுப்பினர் அட்டையும் அங்கேதான் வாங்க வேண்டும். தொடக்கநிலைக்காரர்களுக்கு, பீப் துளை இல்லாத ஓப்பன் சைட் பிரிவு தனியாக உண்டு, பீப் சைட் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

முதல் முறை போகும்போது ரைபிள் முழு மூடிய பையில், பாதுகாப்புக் கயிறு போட்ட நிலையில், பில் நகலுடன் இருக்கட்டும். ரேஞ்சுக்குள் அதிகாரி சொல்லும்வரை பையைத் திறக்காதீர்கள். வீட்டில் சுட்ட தாள் இலக்குகளில் சிலவற்றைத் தேதி எழுதி எடுத்துப் போங்கள். நல்லது, கெட்டது இரண்டும் வேண்டும். துளைகள் சிதறியிருக்கும் விதத்தைப் பார்த்தே எங்கே ஆரம்பிப்பது என்று பயிற்சியாளர் சொல்லிவிடுவார்.